காஞ்சு வா

“தூங்கும்போதும் வேர்க்குதா?”

“இல்லங்கய்யா. தூங்கும்போது காஞ்சுதான் கெடக்கும். முழிச்ச ஒடனே ஆரம்பிச்சிரும். யாராச்சும் என்னைய உத்துப் பாத்தாப் போதும், கொளாயத் தொறந்துவிட்ட மாதிரிதான்.”

“இப்ப நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்?”

“அதான் ஊத்துதே, நீங்களே பாருங்க.”

டாக்டர் சிரித்துவிட்டார். அவருக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்த மாரித்தாய்க்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு கைகளையும் விலாவோடு சேர்த்து ஒட்டவைத்துக்கொண்டு, யாரோ கயிற்றால் கட்டிப்போட்டதுபோல் இருந்தாள். பச்சை ரவிக்கையின் இரண்டு அக்குள்களிலும் கரும்பச்சையாய் ஈரம் இறங்கி இடுப்பைத் தொட்டிருந்தது. பின்னால் சுவரோரமாய் நின்ற அவளுடைய அண்ணன் செல்லச்சாமி, தன் தோள்துண்டை எடுத்து அவள் தோளில் போர்த்தலாமா வேண்டாமா என்று கையில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தான்.

“இருமல் உண்டா?”

“இல்லங்கய்யா.”

“சாயங்காலமானா உடம்பு கணகணன்னு இருக்குமா? எடை கொறைஞ்சிருக்கா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல.”

டாக்டர் அவள் முதுகில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். தெப்பக்குளத்துப் பக்கமிருந்து வண்டிக்காரர்களின் சத்தம் சன்னல் வழியே ஏறி வந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் தன் நெஞ்சுக்குள் இருந்து அவர் காதுக்கு என்ன போகிறதோ என்று மாரித்தாய் மூச்சை இழுத்துப் பிடித்தாள். அவள் விருதுநகர் வரைக்கும் ரயிலேறி வந்ததே இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான்.

“நெஞ்சு சுத்தமா இருக்கும்மா. காச நோய் இல்ல. அந்தச் சீக்குக்காரங்களுக்குத்தான் ராத்திரி தூக்கத்துல வேர்த்துக் கொட்டும். உனக்குத் தூக்கத்துல நின்னுபோகுதுங்கறியே, இது வேற. சிலருக்கு வேர்வைச் சுரப்பி தேவைக்கு மேல வேலை செய்யும். அம்புட்டுத்தான். உசிருக்கு ஒண்ணும் இல்ல.”

“அப்ப நிப்பாட்டிரலாங்களா?” என்றான் செல்லச்சாமி.

“மருந்து இருக்கு. அலுமினியத்துலருந்து எடுக்கிற ஒரு உப்பு. அதைக் கரைச்சு, ராத்திரி படுக்கப் போறப்ப அக்குள்ல தடவிக்கிட்டுக் காலையில கழுவிரணும். வேர்வை வர்ற வாயை அது மூடிரும். ஆனா இங்க கெடைக்காது. மதுரையில சொல்லிவச்சு, அவங்க மெட்ராஸ்ல கேட்டு வாங்கணும். மூணு வாரமாவது ஆகும்.”

“வெள்ளிக்கெழமைக்குள்ள ஆகாதுங்களா?”

“வெள்ளிக்கெழமை என்னய்யா?”

மாரித்தாய் தரையைப் பார்த்தாள். அவள் உட்கார்ந்திருந்த முக்காலியின் ஓரத்தில் இருந்து ஒரு சொட்டு கீழே விழுந்தது.

வெள்ளிக்கிழமை அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

சீனாச் சண்டை முடிந்த மறுவருசம் அது. தீபாவளிக்கு இன்னும் நாள் இருந்தது. ஆனாலும் சிவகாசியைச் சுற்றிய வெடிக் கம்பெனிகளில் சீசன் சூடுபிடித்துவிட்டது. திருத்தங்கலுக்கு மேற்கே முள்வேலி போட்ட ஒரு கம்பெனியில் மாரித்தாய் சல்லடை போடுகிறவள். ஏற்கெனவே வைகாசியில் சாத்தூரில் இருந்து ஒரு கூட்டம் அவளைப் பார்க்க வந்தது. தண்ணீர்ச் செம்பை நீட்டுவதற்குக் கையைத் தூக்கினாள். வந்திருந்த பொம்பளைகள் செம்பைப் பார்க்கவில்லை. மூக்கும் முழியுமாய் நல்லாத்தான் இருக்கு, ஆனா உடம்புக்குள்ள என்னமோ இருக்கு என்று ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் பேசிக்கொண்டு போய்விட்டார்கள்.

இப்போது வருகிறவர்கள் அப்படி முன்பின் தெரியாதவர்கள் இல்லை. கம்பெனி வாசலில் பொம்பளைகளுக்குச் சோதனை போடுகிற பாலம்மாளின் வீட்டார். வேலைக்கு வருகிற ஒவ்வொருத்தியின் கொண்டை, மடி, இடுப்பு எல்லாவற்றையும் தடவிப் பார்த்து, தீப்பெட்டி, கொண்டை ஊசி, இரும்பு வளையல் ஏதும் உள்ளே போகாமல் தடுக்கிறவள் பாலம்மாள். ஒருநாள் மாரித்தாயின் விலாவைத் தடவிவிட்டு, “ஏளா, கம்மாயில முங்கிட்டா நேரா வாற?” என்று கேட்டாள். வரிசை முழுக்கச் சிரித்தது. அதே பாலம்மாள்தான் போன வாரம் அவளைத் தனியே வேலியோரம் கூட்டிப்போய்ச் சொன்னாள்:

“எந்தம்பி ஆண்டிச்சாமி ஒன்னையத்தான் கட்டுவேங்கான். எனக்கும் சம்மதந்தான். ஆனா எங்கம்மா இருக்காள்ல, அவ ஒத்துக்கிடணும். எங்க மூத்தவன் பொண்டாட்டி வேர்த்து வேர்த்தே போய்ச் சேந்தா புள்ள. நெஞ்சுச் சீக்கு. மூணு பாயை எரிச்சோம். அதுலருந்து வேர்வைன்னாலே எங்கம்மாவுக்குக் குலை நடுங்கிரும். வெள்ளிக்கெழம கூட்டிக்கிட்டு வாறேன். நீ எப்படியாச்சும் காஞ்சு வா. புரியுதா? அவ முன்னால காஞ்சு வந்து நின்னுரு. மத்தத நான் பாத்துக்கிடுதேன்.”

ஆண்டிச்சாமி சிவகாசியில் ஒரு அச்சாபீசில் காகிதம் வெட்டுகிறவன். அக்காள் கையில் ஒரு கழிவுத்தாள் கொடுத்துவிட்டிருந்தான். காலண்டருக்கு அடித்துச் சாயம் விலகிப்போன தாள். அதில் ஒரு பனிமலை. மலைக்கு முன்னால் கழுத்துவரைக்கும் கம்பளி போட்ட வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி. அவளுடைய உதட்டுச் சிவப்பு உதட்டில் இல்லாமல் கன்னத்தில் போய் உட்கார்ந்திருந்தது. மாரித்தாய் அதை அடுப்புக்கு எதிர்ச்சுவரில் கஞ்சிப் பசை வைத்து ஒட்டியிருந்தாள். கூழ் கிண்டும்போதெல்லாம் அதைப் பார்ப்பாள். படத்தில் இருக்கிற அந்த ஊரில் வேர்வை என்றால் என்னவென்றே தெரியாமல் மனுசர்கள் பிறந்து, வளர்ந்து, கல்யாணம் முடித்துச் செத்தும் போவார்கள் என்று நினைத்துக்கொள்வாள். அந்த மலையில் கால் வைத்தால் எப்படி இருக்கும்? சுண்ணாம்புபோல் பொடுபொடுவென்று இருக்குமா? ஆண்டிச்சாமி அவளிடம் இதுவரை நேரில் பேசியது கிடையாது. ஆனாலும் சாயம் விலகிய தாளை ஒருத்திக்கு என்று எடுத்துவைக்கத் தோன்றியிருக்கிறதே. அது போதும் என்றிருந்தது அவளுக்கு.

திரும்பி வருகிற ரயிலில் செல்லச்சாமி வெள்ளிக்கிழமைக்கு எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்தான். வண்டி திருத்தங்கலை நெருங்கும்போது திடீரென்று தொடையில் தட்டினான்.

“ஏ தாயி! அலுமினியந்தான சொன்னாரு?”

“அதுலருந்து எடுக்கிற உப்புன்னாரு.”

“உப்புன்னா என்ன? பொடிதான. அதைத்தான டின் டின்னா நான் சலிக்கேன்! மெட்ராசு வரைக்கும் போயி வாங்கணுமாம்ல. எங்க ரூம்ல வேலைசெய்றவன் ஒருத்தன் கையிலயாச்சும் ஈரம் நின்னு பாத்திருக்கியா? பொடி குடிச்சிரும்.”

அது உண்மைதான். செல்லச்சாமி சலிப்பது அலுமினியப் பொடி. மாலையில் அந்த அறையில் இருந்து வெளியே வருகிறவர்கள் தலை, இமை, காது மடல் எல்லாம் வெள்ளி பூசி, கோயில் சப்பரத்தில் இருந்து இறங்கி நடக்கும் சிலைகள் மாதிரி இருப்பார்கள். அவர்களுக்கென்று கம்பெனியில் ஒரு சட்டம். அவர்கள் அறைக்கும், மாரித்தாய் வேலை பார்க்கிற அறைக்கும் நடுவில் தரையில் ஒரு சுண்ணாம்புக் கோடு. மாரித்தாயின் அறையில் பெண்கள் வெடியுப்பையும் கந்தகத்தையும் சேர்த்துச் சலிப்பார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கத்துப் பொடி இந்தப் பக்கம் வரக்கூடாது. தொட்டியில் முழுகிக் குளிக்காமல் எவனும் கோட்டைத் தாண்டக்கூடாது. இரண்டும் சேருகிற இடம் ஒன்றே ஒன்றுதான். தூரத்தில், பொட்டலுக்கு நடுவே, ஈரச் சாக்கு விரித்த கொட்டகையில், வெயில் ஏறுவதற்கு முன்னால், இரண்டே இரண்டு ஆட்கள் அதைக் கலப்பார்கள். கலந்த பிறகு அது பற்றிக்கொள்ள உரசல் ஒன்றே போதும். கம்பெனியில் சேருகிறவர்களுக்கு முதல்நாள் சொல்லித்தருவது இதைத்தான்.

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்ததும் செல்லச்சாமி தொட்டிப் பக்கம் போகவில்லை. கம்பெனியின் பின்வாசல் வழியாகத் துண்டைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான். தரையில் ஒரு தாளை விரிக்கச் சொன்னான். குனிந்து, தலையை உதறினான். மழையில் நனைந்த ஆடு உதறுவதுபோல் உதறினான். புருவத்தைத் தட்டினான். காதுக்குள் விரலைவிட்டு வழித்தான். தாளில் ஒரு சிட்டிகை, இரண்டு சிட்டிகை என்று வெள்ளி சேர்ந்தது. மாரித்தாய் அன்றைக்குத்தான் வெகுநாளுக்குப் பிறகு வயிறு வலிக்கச் சிரித்தாள்.

“டாக்டர் சொன்னதுமாதிரி ராத்திரி போட்டுக்க. காலையில நல்லாக் கழுவிரு. இதோட கம்பெனிக்கு வந்துராத தாயி. ஒனக்கே தெரியும்.”

“தெரியும் தெரியும். நான் என்ன சின்னப் புள்ளையா?”

அன்று ராத்திரி போட்டுக்கொண்டாள். காலையில் கழுவினாள். வாசலுக்குப் போவதற்குள் பழையபடி ஊற்றெடுத்துவிட்டது. பாலம்மாள் தடவிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லாமல் இருந்ததுதான் மாரித்தாயைக் கொன்றது.

மறுநாள் அவள் ஒரு காரியம் செய்தாள். அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து, பிறைபோல இரண்டு மடிப்புத் துணி தைத்தாள். அதன் ஒரு பக்கத்தில் பொடியைத் தேய்த்து, பொடிப் பக்கம் உடம்பில் படும்படி ரவிக்கைக்கு உள்ளே அக்குளில் வைத்துக்கொண்டாள். கோடு அவளுக்கு ஞாபகம் வராமல் இல்லை. ஆனால் கோடு என்பது கைக்கும் டின்னுக்கும் சல்லடைக்கும் போட்டது, அக்குள் என்பது உடம்பே ஒளித்துவைத்திருக்கிற இடம், அங்கே எது வந்து எதைத் தொடப்போகிறது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு தூர எறிந்துவிடப் போகிற துணிதானே.

அன்றைக்கு வாசலில் பாலம்மாளின் கை விலாவில் இறங்கியது. நின்றது. மறுபடி தடவியது.

“என்னளா, காஞ்சிருக்க?”

“டாக்டர்ட்டப் போனேங்க்கா. நெஞ்சு சுத்தமா இருக்காம்.”

“எம் ராசாத்தி!” என்று பாலம்மாள் அவள் கன்னத்தைக் கிள்ளினாள். வரிசையில் பின்னால் நின்றவள், “சோதனையில கொஞ்சல் வேறயா? எங்களையும் ஒரு கிள்ளு கிள்ளுங்க” என்றாள். மாரித்தாய் உள்ளே நடந்து போனபோது கால் தரையில் பாவவில்லை. பனிமலைக்கு மேல் நடப்பதாக இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம். வேலிக்கு வெளியே வேப்பமரத்தடியில் பெண்கள் தூக்குச்சட்டியைத் திறந்து கஞ்சி குடித்தார்கள். மாரித்தாய் மட்டும் மரத்தை விட்டுத் தள்ளி, வெயிலும் காற்றும் வீசுகிற மேட்டில் போய்க் கைகளைத் தலைக்குமேல் கோத்துக்கொண்டு நின்றாள். காலையெல்லாம் சலித்ததில் மடிப்பு லேசாய் நமுத்திருந்தது. காற்று அதைக் காயவைத்துவிடும்.

“என்னடி, பறந்துபோகப் போறியா?” என்று கூப்பிட்டாள் மாடத்தி. சல்லடை அறையில் அவளுக்கு இடதுபக்கம் தோளோடு தோள் ஒட்டி உட்காருகிறவள். அப்போது முழுகாமல் இருந்தாள். “மாப்பிள்ளை வீட்டுக்கு நடந்தே போகலாம்ளா. சிவகாசி ஒண்ணும் அம்புட்டுத் தூரம் இல்ல.”

“ஒம் பிள்ளைக்குச் சேத்துக் கஞ்சியக் குடி. பேசாத.”

காற்று அனலாய் வந்தது. மடிப்பு மொரமொரவென்று காய்ந்துவிட்டதை அவள் தோலிலேயே உணர்ந்தாள். இந்த வாரத்தில் அவ்வளவு காய்ந்தது அன்றைக்குத்தான். நாளைக்கும் இப்படியே இருந்தால் போதும் தாயே என்று நினைத்துக்கொண்டாள்.

மணி அடித்தது. வெளியே போய் வருகிறவர்களுக்கு மறுபடியும் சோதனை. மாரித்தாயின் முறை வந்தது. பாலம்மாள் சிரித்துக்கொண்டே விலாவில் கையை ஓட்டினாள். விரல் ஓரிடத்தில் தடுக்கியது.

“இது என்னது, மெத்துமெத்துன்னு?”

“ஒண்ணுமில்லக்கா. துணி.”

“என்ன துணி?”

மாரித்தாயின் வலது கைப்பக்கத்து ரவிக்கை வாய் வழியே பாலம்மாள் இரண்டு விரலைவிட்டு மெதுவாக இழுத்தாள். மடிப்புத் துணி வெளியே வந்தது. உடம்புப் பக்கம் அப்படியே வெள்ளி. வெளிப்பக்கம், காலையெல்லாம் சல்லடையில் இருந்து பறந்து ரவிக்கைக்குள் இறங்கிய தூசி வெளிர்மஞ்சளாய்ப் படிந்திருந்தது. நடு நடுவே இரண்டும் ஒன்றோடு ஒன்று கலந்து சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாய்க் காய்ந்துபோயிருந்தது.

பாலம்மாள் முகத்தில் இருந்த சிரிப்பு போகவில்லை. அது அங்கேயே அப்படியே செத்துக் கிடந்தது. துணியைப் பிடித்த கையை உடம்பில் இருந்து தள்ளி நீட்டிக்கொண்டு, தூக்கத்தில் பேசுகிறவள்போல, “உக்கிரபாண்டியண்ணே” என்றாள். “அண்ணே, இங்கன வாங்க. ஓடி வராதீக. நடந்து வாங்க.”

போர்மேன் உக்கிரபாண்டி வந்தார். பழைய விபத்து ஒன்றில் அவருக்கு ஒரு பக்கத்துக் காது வெந்து சுருங்கியிருக்கும். துணியைப் பார்த்தார். மோந்து பார்த்தார். மாரித்தாயைப் பார்த்தார். நீளமான மூங்கில் இடுக்கியால் அதை வாங்கிக்கொண்டு கழிவு எரிக்கிற குழிப்பக்கம் நடந்தார். குழியோரத்துக் கல்லின்மேல் துணியை வைத்தார். கழியின் நுனியில் கனலுகிற கயிற்றைக் கட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு எட்டி நீட்டினார்.

பெரிய சத்தம் வரவில்லை. ‘வுஸ்’ என்று, யாரோ ஆத்திரத்தில் மூச்சு விட்டதுபோல ஒன்று. அவ்வளவுதான். ஆனால் அந்த வெளிச்சம்! உச்சி வெயில் அதற்கு முன்னால் அரிக்கேன் விளக்காய் மங்கிப்போனது. வேலி, மரம், வரிசையில் நின்ற முகங்கள் எல்லாம் ஒரு கணம் வெள்ளைவெளேரென்று நிறமற்றுப் போயின. மாரித்தாய்க்குச் சுவரில் ஒட்டிய பனிமலை அந்தக் குழியில் இருந்து எழுந்து நிற்பதுபோலத் தெரிந்தது. பிறகு ஒரு வெள்ளைப் புகை உருண்டை மேலே போனது. கல்லின் மேல் துணி இல்லை. சாம்பல்கூட இல்லை. கல் கறுத்திருந்தது.

உள்ளங்கை அகலத் துணி அது.

முதலில் பேசியது மாடத்திதான். அவள் இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்: “இன்னொரு பக்கம்?”

பெண்கள் பின்வாங்கினார்கள். யாரும் ஓடவில்லை. கால்கள் மண்ணில் சரசரவென்று தேய்ந்து விலகுகிற சத்தம் மட்டும் கேட்டது. மாரித்தாயைச் சுற்றி ஒரு வட்டம் அகன்றுகொண்டே போனது.

“அசையாத புள்ள!” என்று குழியோரத்தில் இருந்து போர்மேன் கத்தினார். “கையத் தூக்காத. இறக்காத. எப்படி நிக்கியோ அப்படியே நில்லு!”

அவள் அப்படியே நின்றாள். இடது கை விலாவை விட்டு நாலு விரற்கடை விலகியிருந்தது. அதை அங்கேயே நிறுத்திவைத்திருப்பதே உலகத்தின் பெரிய வேலையாகிவிட்டது. காலையில் இருந்து எத்தனை தடவை சல்லடையை ஆட்டினேன் என்று நினைத்தாள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கை விலாவில் உரசும். முன்னால் ஒரு உரசல், பின்னால் ஒரு உரசல். இடதுபக்கம் மாடத்தியின் தோள். கதவுக்கு நேரே வெடியுப்பு மூட்டைகள். நான் நடுவில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு, நாளைக்கு எந்தச் சேலை கட்டலாம் என்று யோசித்துக்கொண்டு உரசினேன். அன்று காலையில் எரியாததற்கும் முந்தினநாள் எரியாததற்கும் காரணம் அவளுக்குச் சட்டென்று புரிந்தது. மடிப்பு நமுத்துப்போயிருந்தது. அவளுடைய உடம்பு, அவள் எத்தனை பொடி போட்டு அடைத்தும் அடங்காமல், கசிந்து கசிந்து அதை நனைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. இன்று அரைமணி நேரம் மேட்டில் நின்று அவளே அதைக் காயவைத்திருக்கிறாள்.

அப்போது வேர்க்க ஆரம்பித்தது.

ஊரே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது அல்லவா? முதுகில், கழுத்தில், மேலுதட்டில், கடைசியாக அக்குளில். பிறந்ததில் இருந்து அவள் எந்த ஈரத்தைத் திட்டித் திட்டி அழுதாளோ, அதே ஈரம் இடது அக்குளில் சூடாய் ஊறி மடிப்பில் இறங்கியது. ஊத்து, ஊத்து என்று அவள் உதட்டை அசைக்காமல் வேண்டிக்கொண்டாள். இன்னும் ஊத்து.

வட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஒருத்தி வந்தாள். இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு பாலம்மாள்.

“பாலம்மா, நில்லு! நான் வாறேன்” என்றார் போர்மேன்.

“ஆம்பள நீரு வந்து எங்க கைய விடுவீரு? போய் அங்கிட்டு நில்லும்” என்றாள் அவள் திரும்பிப் பார்க்காமல். குரல் மட்டும்தான் பழைய பாலம்மாள். இடுப்புக் குடத்தை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

அவள் மாரித்தாயின் தோளில் தண்ணீரைச் சாய்த்தாள். ஒரேயடியாய்க் கொட்டாமல், பச்சைப் பிள்ளைக்கு ஊற்றுவதுபோல் இழைஇழையாக ஊற்றினாள். ரவிக்கை உடம்போடு ஒட்டியது. குடம் காலியானது. யாரோ தூரத்தில் இருந்து தீயணைக்கிற சிவப்பு வாளியைத் தள்ளிவிட்டார்கள். அதில் இருந்தும் மொண்டு ஊற்றினாள். பிறகு மூச்சை அடக்கிக்கொண்டு இரண்டு விரலை உள்ளே விட்டாள். இருவரின் முகங்களும் ஒரு சாண் இடைவெளியில் இருந்தன. மாரித்தாய் அவளுடைய மூக்குத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். துணி வந்தது. பாலம்மாள் அதை வாளித் தண்ணீருக்குள் அமுக்கினாள். தண்ணீரின் மேல் வெள்ளி ஏடாய்ப் படர்ந்தது.

அப்போதுதான் ஒரு அழுகைச் சத்தம் கேட்டது. சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் செல்லச்சாமி நின்றான். வெளிச்சத்தைப் பார்த்து ஓடிவந்தவன், தலையில் இருந்து கால்வரை வெள்ளியாய், கோட்டில் கால் வைக்க முடியாமல் அங்கேயே குதித்துக்கொண்டிருந்தான். கண்ணீர் இறங்கிய இடத்தில் மட்டும் கன்னம் கறுப்பாய்த் தெரிந்தது.

“நாந்தாண்ணே! நாந்தான் குடுத்தேன்! ராத்திரி போடு, காலையில கழுவுன்னு சொன்னேனே தாயி… சொன்னேனா இல்லையா?”

உக்கிரபாண்டி அவனை அடிக்கக் கை ஓங்கிக்கொண்டு கோடுவரை போனார். போனவர், ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சல்லடை அறையைப் பார்த்தார். கதவு திறந்திருந்தது. உள்ளே சாப்பாட்டுக்கு எழுந்து போனவர்களின் சல்லடைகள் வரிசையாக இருந்தன.

“இன்னைக்கு யாரும் உள்ள போக வேண்டாம்” என்றார். “எல்லாரும் குளிச்சிட்டு வீட்டுக்குப் போங்க. ரவிக்கையத் தண்ணிக்குள்ள வச்சே கழத்துங்க. அண்ணனும் தங்கச்சியும் ரெண்டு பேரும் இருங்க. மொதலாளி வரட்டும்.”

பெண்கள் தொட்டிப் பக்கம் போனார்கள். மாடத்தி போகிற வழியில் மாரித்தாயைக் கடந்தாள். ஏசப்போகிறாள் என்று மாரித்தாய் கண்ணை மூடிக்கொண்டாள். மாடத்தி ஏசவில்லை. அவள் இருப்பதையே கவனிக்காதவள்போல, வயிற்றில் இருந்து கையை எடுக்காமல், ஒவ்வொரு அடியாய் வைத்துப் போனாள். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பாலம்மாள் மட்டும் நின்றாள். மாரித்தாயின் முந்தானையை வாங்கிப் பிழிந்தாள். பிழிந்ததையே மறுபடி பிழிந்தாள். அவள் உள்ளங்கை ரேகைகளில் எல்லாம் வெள்ளி ஏறியிருந்தது. அதைச் சேலையில் துடைத்தாள், போகவில்லை.

“நான் சொன்னதுக்காகவா புள்ள?” என்றாள் கடைசியில்.

“காஞ்சு வான்னு சொன்னீகள்ல.”

பாலம்மாள் குனிந்து காலிக் குடத்தை எடுத்தாள். இடுப்பில் வைத்தாள். வைத்துக்கொண்டும் போகாமல் நின்றாள்.

மாரித்தாயின் தலைமுடியில் இருந்தும் முழங்கையில் இருந்தும் சொட்டிக்கொண்டிருந்தது. எது குடத்துத் தண்ணீர், எது தன்னுடையது என்று அவளுக்கே தெரியவில்லை. கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று தோன்றவும் இல்லை. உடம்பு இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. பல் கிட்டிக்கொண்டு வந்தது. பனி பெய்கிற ஊரில் இப்படித்தான் நடுங்குவார்கள்போல என்று எங்கேயோ ஒரு மூலையில் நினைப்பு ஓடியது. பிறகு அவள் ஒரு கையைத் தூக்கி முகத்தில் ஒட்டிய முடியை ஒதுக்கினாள். எல்லோருக்கும் தெரியும்படி, நன்றாகவே தூக்கினாள்.

“அக்கா” என்றாள். “நாளைக்கு ஒங்கம்மாவக் கூட்டிக்கிட்டு வாங்க. நான் நனைஞ்சுதான் இருப்பேன். இப்படியேதான் வந்து நிப்பேன். டாக்டரு சொன்னத நானே அவுககிட்டச் சொல்லுதேன். நீங்க கூட்டிக்கிட்டு மட்டும் வாங்கக்கா.”